10-வது ஆளுக்கு 'நோ'! 9 பேரோடு நிற்கும் பனியன் பட்டறைகள்... சிறு முதலாளிக்கு இ.எஸ்.ஐ. கட்டுப்படியாகுமா?

திருப்பூர்:

பவர் டேபிளில் 9 பேர் தைக்கிறார்கள். ஆர்டர் கையில் இருக்கிறது. ஒரு ஓவர்லாக் மிஷின் காலியாகவும் கிடக்கிறது. வேலை கேட்டு ஒரு டெய்லர் வந்து நிற்கிறார். 'இப்ப ஆள் வேண்டாங்க, அடுத்த மாசம் வந்து பாருங்க' என்று அனுப்பி விடுகிறார் ஓனர். வந்தவர் 10-வது ஆள். 10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வந்துவிடும் என்ற பயம்!

பனியன் நகரமான திருப்பூரில் இப்படி 8, 9 என்று ஆளை நிறுத்திக்கொள்ளும் சின்ன யூனிட்டுகள் உண்டு. கோவை லேத் பட்டறை, கரூர் தறி, சிவகாசி அச்சகம் என்று எங்கே போனாலும் இதே கணக்குதான். 'தொழிலாளிக்கு மருத்துவ காப்பீடு வேண்டாம்னு யார் சொன்னாங்க? நமக்கு கட்டுப்படி ஆகணுமே' என்பது சிறு முதலாளிகளின் வழக்கமான புலம்பல்.

உண்மையிலேயே கட்டுப்படி ஆகாதா? கணக்கு போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

அட்வான்ஸ்தான் இன்சூரன்ஸ்!

இன்சூரன்ஸ் இல்லாத பட்டறையில் தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன நடக்கும்? ஓனரிடம் போய் தலையை சொறிவார். 'அண்ணே, பையனுக்கு டெங்குன்னு சொல்லிட்டாங்க. ஒரு பத்தாயிரம் அட்வான்ஸ் குடுங்க. வாரா வாரம் கழிச்சுக்குங்க' என்பார். கொடுக்காவிட்டால் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அதனால் கையில் இல்லாவிட்டாலும் புரட்டிக் கொடுக்கிறார் ஓனர்.

இந்த அட்வான்ஸ்தான் சிறு தொழிலில் இன்று நடைமுறையில் இருக்கும் 'ஹெல்த் இன்சூரன்ஸ்'. இதற்கு ரசீது கிடையாது. ஆனால் செலவு உண்டு.

ஓனருக்கு என்ன செலவு? அட்வான்ஸ் வாங்கிய ஆள் ஊருக்குப் போய் திரும்பாவிட்டால் மொத்தமும் போச்சு. தொழிலாளிக்கு என்ன செலவு? அட்வான்ஸ் கழியும் வரை பக்கத்து கம்பெனியில் கூலி அதிகம் என்றாலும் நகர முடியாது. சனிக்கிழமை கவரில் பாதிதான் இருக்கும். பெரிய ஆபரேஷன் என்றால் அட்வான்சும் போதாது. கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆக, இன்சூரன்சுக்கு காசில்லை என்று சொல்பவரும் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டும் இடம்தான் வேறு.

நாளுக்கு 15 ரூபாய்

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 1952 பிப்ரவரி 24-ந்தேதி கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது கோவைக்குத்தான், 1955-ல். மில் தொழிலாளிகளுக்காக வந்த திட்டம்.

முன்பு இதற்கு முதலாளி 4.75 சதவீதம், தொழிலாளி 1.75 சதவீதம் கட்டினார்கள். மொத்தம் 6.5 சதவீதம். 2019 ஜூலை 1-ந்தேதி முதல் இது குறைக்கப்பட்டது. முதலாளி பங்கு 3.25 சதவீதம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மொத்தமே 4 சதவீதம்தான். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டே பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒருவருக்கு மாதம் 12 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கட்ட வேண்டியது 390 ரூபாய். தொழிலாளியிடம் பிடிப்பது 90 ரூபாய். 26 நாள் வேலை என்றால் முதலாளிக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய். ஒரு டீ செலவு! தொழிலாளிக்கு மூன்றரை ரூபாய்.

9 பேர் இருக்கும் பட்டறைக்கு மாதம் 3 ஆயிரத்து 510 ரூபாய். வருடத்துக்கு 42 ஆயிரத்து 120 ரூபாய். இது சும்மா தூக்கிக் கொடுக்கிற தொகை இல்லை. நூல் விலை ஏறும்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நடந்ததுபோல ஏற்றுமதி ஆர்டர் ஆட்டம் காணும்போதும், ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கு இது பெரிய பணம்தான். ஆனால் திரும்பி வராத ஒன்றிரண்டு பெரிய அட்வான்சோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டினால் என்ன கிடைக்கும்?

'இ.எஸ்.ஐ.ன்னா மாத்திரை வாங்குற இடம்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் அது மட்டும் இல்லை.

தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், நம்பி இருக்கும் வருமானம் குறைந்த பெற்றோர் எல்லாரும் இதில் வருவார்கள். சாதாரண காய்ச்சல் முதல் ஆபரேஷன் வரை செலவுக்கு 'இத்தனை லட்சம்தான்' என்ற வரம்பு கிடையாது. இருதயம், கேன்சர் போன்ற உயர் சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் பணம் கட்டியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், படுத்துவிட்டால் வரும் சம்பளம். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 12 ஆயிரம் வாங்குபவருக்கு மாதம் சுமார் 8 ஆயிரத்து 400 ரூபாய். இதற்கு 6 மாத கணக்கு காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். காசநோய், கேன்சர் போன்ற பட்டியலிட்ட நீண்ட கால நோய்களுக்கு 80 சதவீதம், 2 ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு.

பெண் தொழிலாளிக்கு பிரசவத்துக்கு 26 வாரம் முழு சம்பளம். செக்கிங், பேக்கிங், கைமடி என்று பெண்கள் நிறைந்திருக்கும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. 'வயித்துல புள்ளைன்னா வேலைய விட்டு நிக்க வேண்டியதுதான்' என்ற நிலை மாறும். அந்த சம்பளம் முதலாளி கையில் இருந்து போகாது. இ.எஸ்.ஐ. கொடுக்கும்.

வேலையில் விபத்து என்றால் குணமாகும் வரை 90 சதவீதம். வேலைக்கு வரும் வழியில், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்கும் இது பொருந்தும். தொழிலாளி இறந்துவிட்டால் அவரை நம்பி இருந்த குடும்பத்துக்கு மாதா மாதம் பென்ஷன் மாதிரி தொகை வரும்.

முதலாளிக்கு என்ன லாபம்?

இங்கேதான் பல சிறு முதலாளிகள் கோட்டை விடுகிறார்கள். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல. முதலாளிக்கும் பாதுகாப்பு.

வேலையில் விபத்து நடந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியது முதலாளி. 1923-ல் வந்த இழப்பீட்டு சட்டத்தில் இருந்து இதுதான் விதி. எவ்வளவு கொடுக்க வேண்டும்? 30 வயது தொழிலாளி. மாத சம்பளம் 15 ஆயிரம். வேலையில் கரண்ட் அடித்து இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி 7 ஆயிரத்து 500. அதை 30 வயதுக்கு உரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய்! நான்கைந்து மிஷின் வைத்திருக்கும் பவர் டேபிள்காரர் இந்த தொகைக்கு எங்கே போவார்? மிஷின், டூ-வீலர் எல்லாவற்றையும் விற்றாலும் போதாது.

அந்த தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் இருந்தால் இந்த பொறுப்பு இ.எஸ்.ஐ. கழகத்துக்குப் போய்விடும். முதலாளியிடம் தனியாக அந்த நஷ்டஈடு கேட்க முடியாது. அதாவது, நாளுக்கு 15 ரூபாய் கட்டி 15 லட்சம் ரூபாய் ரிஸ்க்கை இறக்கி வைக்கிறார் ஓனர். 9 பேரோடு நின்றுகொண்டு தப்பித்துவிட்டோம் என்று நினைப்பவர் உண்மையில் அந்த ரிஸ்க் முழுவதையும் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார்.

'10' என்ற பயம் ஏன்?

3.25 சதவீதம்தான் என்றால் ஏன் பயம்? காசை விட 'உள்ளே மாட்டிக்கொள்வோம்' என்பதுதான் பெரிய பயம்.

ஒருமுறை இ.எஸ்.ஐ.யில் வந்துவிட்டால் பிறகு ஆள் 10-க்கு கீழே குறைந்தாலும் தொடர வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே இருந்த விதி. சீசனில் 12 பேர், டல் அடித்தால் 5 பேர் என்று ஓடும் யூனிட்டுக்கு இது உறுத்துகிறது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15-ந்தேதிக்குள் ஆன்-லைனில் கணக்கு ஏற்றி பணம் கட்ட வேண்டும். தாமதம் ஆனால் 12 சதவீத வட்டி, அதோடு அபராதமும். கணக்குப் பிள்ளை வைக்க முடியாத யூனிட்டில் இதை யார் செய்வது? ஆடிட்டர் ஆபீசுக்கு மாதா மாதம் தனி பீஸ் கொடுக்க வேண்டும்.

'இப்ப போய் பதிஞ்சா, போன அஞ்சு வருஷத்துக்கும் சேத்து கட்டுன்னு நோட்டீஸ் விட்டுட்டா?' என்பது அடுத்த பயம். இந்த பயத்தைப் போக்கத்தான் 'ஸ்ப்ரீ' என்ற பெயரில் சிறப்பு பதிவு திட்டத்தை 2025 ஜூலை 1-ந்தேதி இ.எஸ்.ஐ. கழகம் தொடங்கியது. தானாக முன்வந்து பதிவு செய்பவர்களிடம் பழைய பாக்கி கேட்பதில்லை, பழைய ரிஜிஸ்டர்களை தோண்டுவதில்லை என்று அறிவித்தது. முதலில் டிசம்பர் 31 வரை என்று காலக்கெடு வைத்தார்கள். இதேபோல 2016-லும் ஒருமுறை வாய்ப்பு கொடுத்தார்கள். 9 வருடம் கழித்து மீண்டும் அதே சலுகையைக் கொடுக்க வேண்டி வந்தது என்றால், வெளியே நிற்பவர்கள் அத்தனை பேர் என்றுதானே அர்த்தம்?

புதிய சட்டம் திறந்த கதவு

2025 நவம்பர் 21-ந்தேதி 4 தொழிலாளர் சட்ட தொகுப்புகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அதில் ஒன்று சமூக பாதுகாப்பு சட்ட தொகுப்பு. பழைய இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது இதற்குள்தான் இருக்கிறது.

இதிலும் 10 பேர் என்ற எல்லைதான். ஆனால் சிறு பட்டறைகள் கவனிக்க வேண்டிய 2 விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, 10 பேருக்கு குறைவாக இருந்தாலும் முதலாளியும் பெரும்பான்மை தொழிலாளர்களும் சம்மதித்தால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம். இரண்டு, ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் கட்டாயம். பட்டாசு, ரசாயனம் போன்ற தொழில்களில் இருப்பவர்கள் அந்த அறிவிப்புகளை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய பேக்டரி சட்டத்தில் மின்சாரத்தில் ஓடும் யூனிட்டில் 10 பேர் இருந்தாலே அது 'பேக்டரி'. புதிய தொகுப்பின் வரையறையில் அது 20 பேராக உயர்ந்திருக்கிறது. பி.எப். ஏற்கனவே 20 பேர் இருந்தால்தான். ஆக, 10-வது ஆளை சேர்த்தால் எல்லா டிபார்ட்மெண்டும் ஒரே நாளில் கதவைத் தட்டும் என்ற பழைய பயத்தில் இப்போது பெரிதாக அர்த்தமில்லை.

ஆனால் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? உள்ளே வர கூட்டிக்கொண்டு வர வேண்டாமா? 6 பேர் இருக்கும் யூனிட்காரர் தன்னிஷ்டத்துக்கு போய் சேர்ந்து மாதா மாதம் பணம் கட்ட அவருக்கு என்ன ஊக்கம் இருக்கிறது? இதுவரை ஊக்கமாக எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

முதல்வர் காப்பீடு இருக்கே?

'அதான் கவர்மெண்ட் கார்டு இருக்குதே' என்று சிலர் கேட்கலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டு திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஏழைகளுக்குப் பெரிய கை கொடுத்த திட்டம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 10 ஆயிரம்! கணவன் சிங்கர், மனைவி செக்கிங் என்று இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் விதிப்படி இதில் வரவே முடியாது. தவிர, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் இந்த கார்டு. காய்ச்சலுக்கு மருந்து, வீட்டில் படுத்திருக்கும் நாளுக்கு சம்பளம் எல்லாம் இதில் கிடையாது. தினக்கூலிக்காரனை கடனாளி ஆக்குவது ஆஸ்பத்திரி பில் மட்டுமல்ல, வேலைக்குப் போகாத நாட்களும்தான்.

வங்கிக் கணக்கு மூலம் வருடம் 20 ரூபாயில் கிடைக்கும் 2 லட்சம் ரூபாய் விபத்து காப்பீடும் இருக்கிறது. எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அது மரணத்துக்கும் உறுப்பு இழப்புக்கும்தான். மருத்துவ செலவுக்கு இல்லை.

தனியார் பாலிசி எடுத்தால்?

சரி, இ.எஸ்.ஐ. வேண்டாம், கம்பெனியில் குரூப் பாலிசி எடுத்துவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் தனிநபரும் குடும்பமும் எடுக்கும் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நல்ல செய்தி. ஆனால் முதலாளி தொழிலாளர்களுக்காக எடுக்கும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு கிடையாது. 18 சதவீத வரி அப்படியே இருக்கிறது. கட்டிய வரியை மற்ற வரியில் கழித்துக்கொள்ளவும் பொதுவாக வழியில்லை. சட்டப்படி கட்டாயம் என்றால்தான் கழிக்கலாம். பெட்டிக்கடை அளவு பட்டறை நடத்துபவரும், மாடி மேல் மாடி கட்டிய ஐ.டி. கம்பெனியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். தன் குடும்பத்துக்கு பாலிசி எடுத்தால் வரி இல்லை, தன்னிடம் வேலை பார்ப்பவருக்கு எடுத்துக் கொடுத்தால் வரி! இது என்ன நியாயம் என்று சிறு தொழில் செய்பவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதில் ஓனர்களின் கதையையும் மறக்கக்கூடாது. பவர் டேபிள் நடத்தும் பலர் தாங்களே மிஷினில் உட்கார்ந்து தைப்பவர்கள்தான். கணவன் கட்டிங், மனைவி செக்கிங். முதலாளி என்பதால் இவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. இவர்களுக்கு இப்போதைக்கு வழி, வரி நீக்கப்பட்ட குடும்ப பாலிசிதான்.

ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வேண்டும்

முதலாளி தயாராக இருந்தாலும் சில இடங்களில் தொழிலாளியே 'எனக்கு பிடிக்காதீங்க, கையில குடுத்துருங்க' என்கிறார். இதையும் பேசித்தான் ஆக வேண்டும். 'டிஸ்பென்சரிக்குப் போனா அரை நாள் கூலி போச்சு. மருந்து இல்லைன்னு சொல்லுவாங்க' என்பது தொழிலாளர்கள் மத்தியில் நெடுநாளாக இருக்கும் குறை.

திருப்பூரை எடுத்துக்கொண்டால், பெரிய சிகிச்சை என்றால் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. திருப்பூருக்கென்று 100 படுக்கை ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். திறந்து வைத்தது 2024 பிப்ரவரியில். இடையில் 5 வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடமும் திருப்பூர் தொழிலாளியின் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்தம் மட்டும் நிற்கவில்லை.

டிஸ்பென்சரிகளை நடத்துவது மாநில அரசு. செலவில் 8-ல் 7 பங்கை இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. மீதி ஒரு பங்குதான் மாநிலத்தின் தலையில். பணம் பெரும்பாலும் ஒரு கையில், நிர்வாகம் இன்னொரு கையில். மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்றால் தொழிலாளி யாரிடம் போய்க் கேட்பது? பவர் டேபிள்களின் வேலை முடியும் நேரத்துக்குப் பிறகும் டிஸ்பென்சரி திறந்திருந்தால் பாதி குறை தீரும். கூலியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

அரசு என்ன செய்யலாம்?

வேலை கொடுக்கும் முதலாளியின் பங்கை அரசே கட்டுவது புதிது இல்லை. 2016-ல் கொண்டு வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு ஊக்குவிப்பு திட்டத்தில், புதிதாக சேரும் தொழிலாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய பென்ஷன் பங்கை மத்திய அரசு கட்டியது. 2018 ஏப்ரலில் இருந்து முதலாளியின் பங்கான 12 சதவீதத்தையும் ஏற்றுக்கொண்டது. இப்போதும் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் புதிய வேலைகளுக்கு, முதலாளிக்கு ஆளுக்கு மாதம் 3 ஆயிரம் ரூபாய் வரை தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் பி.எப். கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு. 9 பேர் பட்டறை பெரும்பாலும் இந்த கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறது.

இ.எஸ்.ஐ.யிலும் முன்மாதிரி இருக்கிறது. 2016 அக்டோபரில், திட்டம் புதிதாக வரும் பகுதிகளில் முதல் 2 ஆண்டுக்கு முதலாளிக்கு 3 சதவீதம், தொழிலாளிக்கு 1 சதவீதம் என்று குறைத்துக் கொடுத்தார்கள். அப்போது மற்ற ஊர்களில் முதலாளிக்கு 4.75 சதவீதம். புதிய ஊருக்குக் கொடுத்த சலுகையை புதிதாக வரும் சின்ன பட்டறைக்குக் கொடுக்க முடியாதா?

10 பேருக்கு குறைவான யூனிட் தானாக சேர்ந்தால், முதல் 2 ஆண்டுக்கு முதலாளி பங்கில் பாதியை அரசு ஏற்கலாம். 12 ஆயிரம் சம்பளத்துக்கு அரசுக்கு ஆகும் செலவு ஆளுக்கு மாதம் 195 ரூபாய்தான். 9 பேருக்கு வருடம் 21 ஆயிரத்து 60 ரூபாய். ஆள் குறைந்தால் வெளியே போகவும், கூடினால் உள்ளே வரவும் சிக்கல் இல்லாத முறை வேண்டும். மாதாந்திர கணக்கை செல்போனிலேயே, தமிழிலேயே முடிக்கும்படி செய்தால் ஆடிட்டர் பீஸ் மிச்சம்.

சம்பள வரம்பையும் பார்க்க வேண்டும். 21 ஆயிரம் என்பது 2017 ஜனவரியில் வைத்த வரம்பு. அப்போது 14, 15 ஆயிரம் வாங்கிய கட்டிங் மாஸ்டர் இப்போது அந்த கோட்டைத் தாண்டுகிறார். விலைவாசியோடு ஓடிய சம்பளம் அவரை இ.எஸ்.ஐ.யில் இருந்து வெளியே தள்ளுகிறது. முதல்வர் காப்பீடும் அவருக்கு இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை!

பெரிய கம்பெனிக்கும் பங்கு உண்டு

எல்லாவற்றையும் அரசு தலையில் கட்டிவிடவும் முடியாது. பவர் டேபிள்காரருக்கு கூலியை நிர்ணயிப்பது ஆர்டர் கொடுக்கும் பனியன் கம்பெனி. இரு தரப்பு சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி உயர்வு ஒப்பந்தம் போடுகின்றன. நூல், கரண்ட், வாடகை எல்லாம் அந்த பேச்சில் வருகிறது. தொழிலாளியின் மருத்துவ செலவும் அங்கே வர வேண்டும்.

ஒரு பனியனுக்கு தையல் கூலி 10 ரூபாய், அதில் 7 ரூபாய் தொழிலாளிக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 23 காசு. வெளிநாட்டு கடையில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் ஒரு பனியனில் 23 காசு! 'தொழிலாளர் நலன்' பற்றி பக்கம் பக்கமாக சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு பையர்கள், தைப்பவர் கையில் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கடைசி ஜாப் ஒர்க் யூனிட் வரை கேட்டால், இந்த 23 காசு தானாக வந்துவிடும்.

தொழிலாளி கவனிக்க!

* இ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறினால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் போட்டால் பழைய நாட்கள் கணக்கில் சேராமல் போகலாம். 78 நாள் கணக்கில் இடிக்கும்.

* பீஸ் ரேட், தினக்கூலி, கான்ட்ராக்ட் என்பதற்காக 'உனக்கு இ.எஸ்.ஐ. இல்லை' என்று சொல்ல முடியாது. யூனிட் திட்டத்துக்குள் வந்தால், சம்பள வரம்புக்குள் இருக்கும் எல்லாருக்கும் உண்டு.

* சம்பளத்தில் பிடித்தால் மட்டும் போதாது. அது கட்டப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது ஆன்-லைனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* பீகார், ஒடிசா, ஜார்கண்டில் இருந்து வந்தவர்களின் குடும்பம் சொந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வைத்தியம் பார்க்க முடியும். அதற்கு குடும்ப விவரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

* சம்பளம் நாளுக்கு சராசரி 176 ரூபாய் வரைதான் என்றால் தொழிலாளி தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. முதலாளி பங்கு மட்டும் கட்டினால் போதும். சலுகைகள் குறையாது.

10-வது ஆளுக்கு வேலை இல்லை என்று சொல்வதால் ஓனருக்கு தைக்க வேண்டிய பனியன் தங்குகிறது. வந்தவருக்கு கூலி போகிறது. உள்ளே இருக்கும் 9 பேருக்கும் பாதுகாப்பு இல்லை. மூன்று பேருக்கும் நஷ்டம் தரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு எத்தனை காலம் தொங்குவது? சட்டம் இப்போது 10-க்கு கீழே உள்ளவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. நாளுக்கு 15 ரூபாய் யார் கட்டுவது என்பதுதான் பாக்கி. அரசு பாதி, ஆர்டர் கொடுப்பவர் கொஞ்சம், ஓனர் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. அடுத்த கூலி ஒப்பந்த பேச்சில் சங்கங்கள் இதை எடுத்து வைக்குமா என்பதைத்தான் திருப்பூர் தொழிலாளர்கள் பார்க்க வேண்டும்.